முன்னறிந்தவர் பேசலாமா?

மழை வரும் என்பவர் மழையைப் பெய்விப்பதில்லை. வங்கி வீழும் என்பவரோ அவ்வீழ்ச்சிக்கே காரணராகக் கூடும். நாம் இடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டிவைப்பதில்லை. பெரும்பகுதியை நெடுங்காலக் கடனாகத் தந்துவிடுகிறது. எல்லாரும் ஒரே நாளில் திரும்பக் கேட்டால் நல்ல வங்கியும் நிலைகுலையும் என்பதை டைமண்ட், டிப்விக் என்னும் பொருளியலாளர் இருவர் 1983இல் கணித வழியில் விளக்கினர்.

2007 செப்டம்பர் 13 அன்று, பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி மைய வங்கியிடம் அவசர உதவி நாடியதைப் பி.பி.சி. வெளியிட்டது. மறுநாள் கிளைகளின் முன் நீண்ட வரிசைகள். நின்றவர்களைப் பேதையர் என்போமா? அன்றைய காப்பீடு முதல் 2,000 பவுண்டுக்கு மட்டுமே முழுமையானது, அடுத்த 33,000க்கு 90 விழுக்காடு, அதற்குமேல் ஒன்றுமில்லை. வாழ்நாள் சேமிப்பை அங்கு வைத்திருந்த முதியவர் வரிசையில் நின்றது விவேகமே. தனித்தனியே விவேகமாயிருந்தது, ஒன்றுகூடியபோது அழிவாயிற்று. செப்டம்பர் 17இல் அரசு உறுதியளித்த பின்னரே கூட்டம் கலைந்தது.

அப்படியானால் செய்தியை மறைத்திருக்க வேண்டுமா? அவ்வங்கியை முதலில் கைவிட்டோர் இவ்வெளியோர் அல்லர். அதற்குக் கடன் தந்துவந்த பணச்சந்தைப் பெரியோரே ஆகஸ்டிலேயே கையை இழுத்துக்கொண்டனர். அவர்களை எவரும் வரிசையில் கண்டதில்லை. மறைப்பு அறிந்தவரைக் காத்து, அறியாதவர் தலையில் இழப்பைச் சுமத்துகிறது. அதைப் பொறுப்புணர்வு என்றழைக்க நமக்கு மனம் வரவில்லை.

பேசுதற்குரிய காலம் ஒன்று முன்னரே உண்டு: வருவாயை மிஞ்சிக் கடனும், அதனோடு வீட்டு விலையும் ஏறும் ஆண்டுகள். 2005இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் ரகுராம் ராஜன் எச்சரித்தது அத்தகைய காலத்தில்தான். அவையில் கண்டனமே எழுந்தது. எவரும் வங்கிக்கு ஓடவில்லை. கடன்கள் மேலும் வளர்ந்தன.