மழலையிடம் பொய் பேசும் கருவி

 



அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, ஏதோ தருவதாகச் சொல்லி அவரது தாயார் அவரை அழைத்தார். அந்த வீட்டில் அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

பிள்ளையைக் கூப்பிடச் சொல்லும் ஒரு வார்த்தைக்கே இவ்வளவு கணக்கு! அப்படியானால், "நான் உன் தோழன், உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று உங்கள் பிள்ளையிடம் பேசும் செயற்கை நுண்ணறிவுச் செயலியின் சொல்லுக்கு யார் பொறுப்பு? அதற்கு உள்ளம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அதைக் கையில் கொடுத்த நாம்தான் மறுமையில் விசாரிக்கப்படுவோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தைகளோடு பேசிய 'கெய்லா' என்ற பொம்மையை 2017-ல் ஜெர்மனி அரசு தடை செய்தது. அதை மறைவாக ஒட்டுக்கேட்கும் கருவி என்றே அறிவித்தது. பிறரைத் துருவி ஆராய்வதை அல்லாஹ் ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுத்திருக்கிறான். வாய் திறந்து மறுக்கத் தெரியாத பிள்ளையின் அந்தரங்கம் நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

இந்தத் தொழில்நுட்பமே கூடாது என்று சொல்லவில்லை. ஆசிரியை கதைக்குப் படம் தயாரிக்கலாம், பாடத்தைத் திட்டமிடலாம். ஆனால் ஆசிரியையின் இடத்தில், தாயின் இடத்தில் அதை அமர்த்தக் கூடாது. அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவர் வளர்த்த குருவியைப் பற்றி நபியவர்கள் அன்போடு விசாரித்தார்கள். அந்த அன்பை எந்தக் கருவி தரும்?

எனவே பெற்றோர்களே! மழலையர் பள்ளியில் கேளுங்கள்: என் பிள்ளையின் குரலும் படமும் எங்கே சேமிக்கப்படுகின்றன? கருவி தவறாகச் சொன்னால் யார் திருத்துவார்? பேசுவது இயந்திரம்தான் என்று பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அல்லாஹ்வைப் பற்றிப் பிள்ளை கேட்கும் முதல் கேள்விக்கு உங்கள் வாயிலிருந்தே பதில் வரட்டும்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, இந்த அமானிதத்தைக் காக்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.