மாசில் பிறக்கும் பச்சை

மரகதம் என்பது பெரில் என்னும் கனிமத்தின் பச்சை வகையாகும். கலப்பின்றி விளையும் பெரிலுக்கோ நிறமே கிடையாது. அதன் கட்டமைப்பில் அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் குரோமியமோ வனேடியமோ மிகச் சிறிய அளவில் புகுந்து அமரும்போதுதான் கல் பச்சையாகிறது. மாசு நீங்குவதே உயர்வு என்று கொள்ளும் சமயச் சிந்தனை இக்கல்லின் முன் சற்றே தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அயற்பொருளை விலக்கிவிட்டால் இங்கே எஞ்சுவது மரகதமன்று.

ஜாம்பியாவின் செப்பு வட்டாரத்தில், கஃபூபு ஆற்றுப் பகுதியில், இந்தக் கலப்பு நிகழ்ந்த இடத்தையே காணலாம். பாறைக் குழம்பின் கடைசிக் கூறுகள் இறுகி உண்டாகும் பெக்மடைட், பெரிலியத்தைச் சுமந்தபடி, குரோமியம் பொதிந்த கரிய படலப்பாறையை ஊடுருவியபோது, இரண்டும் தொட்டுக்கொண்ட ஓரத்தில் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் மரகதம் விளைந்தது. அங்குள்ள ககெம் சுரங்கத்தில் 2021இல் கிடைத்த 7,525 காரட் படிகத்துக்கு, பெம்பா மொழியில் காண்டாமிருகத்தைக் குறிக்கும் ‘சிப்பெம்பெலே’ என்ற பெயர் சூட்டப்பட்டது. இக்கற்களில் இரும்பும் கூடுதலாக இருப்பதால் பச்சையில் நீலச் சாயல் ஓடுகிறது. உருப்பெருக்கியின் கீழ் பழுப்பு நிற அப்பிரகச் செதில்கள் தென்படுகின்றன.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, கீற்றும் இருளும் உள்ளிட்ட குற்றங்கள் நீங்கிய மரகதத்தையே மதுரைக் கடைவீதியில் காட்டுகிறது. இன்றைய வணிகரோ, உள்ளே ஒரு துகளும் இல்லாத பெரிய கல்லைக் கண்டால் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததோ என்றே முதலில் ஐயுறுவார். அந்த அப்பிரகச் செதில்தான் கல் மண்ணில் பிறந்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

ஆன்மாவோடு அனாதியாகவே உள்ள ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை காட்டும் சைவ சித்தாந்தம், மாசு பற்றிய இந்தத் தயக்கத்துக்கு விடை தரும் ஆற்றல் உடையது. மலத்தின் இயல்பு மறைப்பது என்பது அதன் துணிபு. அந்த அளவுகோலால் பார்த்தால், ஒளியில் பச்சையை வெளிப்படுத்தும் குரோமியமும், பிறப்பிடத்தை உணர்த்தும் செதிலும் மலமாகா. நுண்வெடிப்புகள் தெரியாதிருக்க மரகதத்தில் தேவதாரு எண்ணெய் ஏற்றுவது நெடுநாளைய வழக்கம். வாங்குபவருக்குச் சொல்லி ஏற்றினால் அது பராமரிப்பு. சொல்லாமல் விற்ற கல்லிலோ, நகையை மீயொலிக் கருவியில் கழுவும்போது அந்த எண்ணெய் வெளியேற, மறைந்திருந்த கீற்றுகள் ஒவ்வொன்றாக வெண்மையாய்த் தெரியத் தொடங்குகின்றன.