காக்கைக் கூட்டில் குயில் முட்டை

தானே கூடு கட்டாமல் வேற்றுப் பறவையின் கூட்டில் முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கும் பொறுப்பை அதன் தலையில் சுமத்தும் வாழ்முறையைப் பறவையியலார் அடைகாப்பு ஒட்டுண்ணித்தனம் என்பர். இராஜபாளையத்து மாந்தோப்புகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொல்லைப்புற வேம்புகளிலும் கோடையில் காகம் கூடு கட்டும்போது, கரிய ஆண் குயில் கூவிக் காகத்தைத் தன்னைத் துரத்தச் செய்ய, புள்ளிகள் நிறைந்த பெண் குயில் அந்த இடைவெளியில் முட்டையிட்டுப் போய்விடுகிறது. காக முட்டையைவிடச் சிறிதாயினும் தோற்றத்தில் அதை ஒத்த அம்முட்டை சில நாள் முந்திப் பொரிவதால், குயில் குஞ்சு இரைக்கான போட்டியில் முந்திக்கொள்கிறது. எனினும், ஐரோப்பியக் குயிலின் குஞ்சைப் போல மற்ற முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளாததால், காகக் குஞ்சுகளும் அதனுடன் சேர்ந்து வளர்வதுண்டு.

இதைக் காணும் வீட்டுக்காரர் குயில் முட்டையை எடுத்தெறிவது அறமாகுமா? வேறு வழி இருந்தும் தீயதைத் தேர்பவரையே வஞ்சகர் எனலாம். கூடு கட்டும் இயல்பே இல்லாத குயிலை அவ்வாறு பழிப்பதும், குரலினிமைக்காக அதை மன்னிப்பதும் ஒன்றுபோலவே பொருந்தாதவை. நாச்சியார் திருமொழியில் குயிலை விளித்து ஆண்டாள் பத்துப் பாசுரம் பாடிய ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டாவது சாய்வே ஓங்கியிருப்பதில் வியப்பில்லை. காகத்துக்குக் கிடைப்பது அமாவாசைச் சோறுதான். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காகத்தை நெடுங்காலம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியலையே நீக்கியது.

தலையிடும் கடமை, மனிதர் அக்கூட்டைச் சுற்றி முன்னரே செய்தவற்றிலிருந்தே பிறக்கிறது. அமெரிக்காவில் காடழித்து மேய்ச்சல் நிலமாக்கியவர்களே கௌபேர்ட் என்னும் ஒட்டுண்ணிப் பறவை பரவ வழிசெய்தனர். அதனால் அழிவின் விளிம்புக்குப் போன கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்னும் சிறுபறவையைக் காக்க, 1972 முதல் அந்நாட்டவரே கௌபேர்டுகளைப் பிடித்து அகற்றியது ஏற்கத்தக்கதே. ஆயினும், இல்லினாய் மாநிலக் கூட்டுப் பெட்டிகளில் கௌபேர்ட் முட்டைகளை எடுத்துவிட்டபோது, அப்பறவை மீண்டும் வர வழியிருந்த கூடுகளில் பாதிக்கு மேல் சூறையாடப்பட்டதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நல்லெண்ணத்தோடு நீட்டிய கையே கூட்டுக்குரிய பறவைக்குத் தீங்காக முடிந்தது.

புரோட்டாக் கடைக் கழிவில் பெருகும் காகத்துக்கு அத்தகைய மீட்பு தேவைப்படவில்லை. சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டுபவரின் நிலை வேறு. அழைத்தவர் அவரே என்பதால், பெரிய பறவை தலை நுழைக்க முடியாதபடி வாயிலை ஏறத்தாழ 32 மில்லிமீட்டருக்குள் அமைப்பது அவர் பொறுப்பாகிறது. ஒரு குயில் முட்டையைப் பற்றி இவ்வளவு தயங்குபவர்கள், மின்கம்பியில் உரசுகிறதென்று அதே கோடையில் வேப்பங்கிளையை வெட்டச் சொல்லும்போது, அதிலுள்ள கூட்டில் எவர் குஞ்சு கிடக்கிறது என்று அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.