தென்றிசைச் செம்பெருமீனும் ஒடுக்கமும்

சித்திரை வைகாசித் திங்களில் முன்னிரவிலே தென்றிசையை நோக்குவார்க்கு அடிவானின் மேலே நான்கு விண்மீன்கள் குறுக்கிட்ட இரு கோல்கள் போலத் தோன்றும். மேனாட்டார் அதனைத் தென்சிலுவை என்பர். நம் நாட்டார் சிலர் திரிசங்கு என்பர். அந்நான்கனுள் மூன்று நீலங்கலந்த வெண்ணிறத்தன. உச்சியிலுள்ள ஒன்று மட்டும் செம்மை சான்றது. காக்ரக்ஸ் என்பது அதன் பெயர். அதனையும் அடியிலுள்ள மீனையும் இணைத்து நீட்டிய கோடு வானத்தின் தென்முனை நோக்கிச் செல்லுதலின், தென்கடல் செல்லும் மாலுமிகட்கு அது வழிகாட்டியாயிற்று. நமக்கோ அது தெற்கே இருபது பாகைக்குச் சற்று மேலே எழுந்து மேற்கே சாய்வதொன்று.

அம்மீனை ஈண்டு எடுத்தது வானநூல் கூறும் விருப்பானன்று. சிவஞானபோதத்து முதற் சூத்திரப் பொருளின்மேல் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் ஆசங்கை ஒன்று அதனோடு இயைபுடைத்து. சுட்டியறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதாகலின், அதனைச் செய்யும் முதல்வன் ஒருவன் உளன் என்பது அச்சூத்திரத்தாற் பெறப்படும். மீமாஞ்சகன் இதற்கு உடம்படான். குடமும் ஆடையும் உடம்பும் தோன்றியழிதல் கண்டாம்; ஞாயிறும் விண்மீனும் தோன்றியழிதல் யாவர் கண்டார்? உலகம் என்றும் இப்படித்தே என்பது அவன் கொள்கை. யவன நாட்டு அரிஸ்டாட்டிலும் திங்களுக்கு மேற்பட்ட மண்டலங்கட்குக் கேடில்லை என்றே கொண்டனன். 1572ஆம் ஆண்டிலே முன்னில்லாத விண்மீன் ஒன்று வடவானில் தோன்றிப் பின்னர் மறைந்ததனை டைக்கோ பிராகி என்பார் ஆராய்ந்து, அது திங்களுக்கு மேற்பட்டதே என நாட்டிய பின்னர் அக்கொள்கை மேனாட்டிலே தளர்ந்தது.

இனிக் காக்ரக்ஸின் இயல்பினைக் கூறுதும். அதன் நிறை ஞாயிற்றின் நிறையினும் ஏறத்தாழ 1.5 மடங்கு, பருமையோ, ஆரத்தால் அளக்குமிடத்து, 70 மடங்கிற்கு மேற்பட்டது. இத்துணைச் சிறு மிகையுடைய பொருள் இத்துணைப் பெரும் பருமை எய்தியது எற்றாலெனின், முதுமையான் என்க. விண்மீனின் நடுவிலே நீரகவளி எரிந்து பரிதிவளியாக மாறுதலின் அதற்கு ஒளியும் நிலைபேறும் உளவாம். நடுவிலுள்ள நீரகவளி தீர்ந்தவழி, உள்ளீடு சுருங்கி வெம்மை மிகும். புறவுடல் விரிந்து குளிரும். குளிர்தலாற் செம்மை நிறம் எய்தும். ஞாயிற்றின் புறத்து வெம்மை ஏறத்தாழ 5,800 கெல்வின். இதனது 3,600 அளவிற்று. இனி இப்புறவுடல் மெல்ல மெல்ல வெளியிற் கலைந்துபோக, நிலவுலகளவிற்றாய வெண்குறுமீன் ஒன்றே எஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்.

ஒரு விண்மீன் பிறந்தது முதல் இறந்ததுவரை இருந்து கண்டார் யாருமிலர். அஃது எங்ஙனம் அறியப்பட்டதெனின், கூறுதும். திருவிழா நடைபெறும் ஊர்க்கு ஒருபொழுது வந்து செல்லும் அயலான், கூட்டத்தே தொட்டிற் குழவியையும் காளையையும் கோலூன்றிய முதியோனையும் ஒருங்கு கண்டு, மக்கள் வாழ்வு இவ்வாறு செல்வதென ஒருபகலிலே துணிவானன்றே. வானநூலாரும் பற்பல விண்மீன்களைப் பற்பல பருவத்தே கண்டு நிரல்படுத்தித் துணிந்தனர். இது கருதலளவை. உறுப்புக்களின் ஒடுக்கங்கண்டு முழுதின் ஒடுக்கம் துணியும் நம் ஆசிரியர்கள் கைக்கொண்டதும் அவ்வளவையே. ஆகலின், கண்டிலேன் என்னும் மீமாஞ்சகன் கூற்று இருவர்க்கும் ஒருபடித்தாகவே விடுக்கப்படும்.

காட்சியளவை பற்றியும் ஒன்று சொல்லற்பாலது. அம்மீன் நம்மினின்றும் ஏறத்தாழ 88 ஒளியாண்டுத் தொலைவினது; இவ்வாறு செம்மை மிக்க பெருமீன்களுள் நமக்கு மிக அணித்தாயதும் அதுவே. இன்றிரவு நம் கண்ணிற்படும் ஒளி, ஏறத்தாழ 88 ஆண்டுகட்கு முன்னரே அதனைவிட்டுப் புறப்பட்டது. ஆகவே காணப்படுவது வந்தெய்திய ஒளியே. மீன் இப்பொழுதும் உளதென்பது கருதலாற் பெறுவது. தீ அவிந்த பின்னரும் புகை சிறிதுபொழுது வானிற் கிடப்பதுண்டு. அன்றியும், அந்நான்கு மீன்களும் ஒருதளத்தன அல்ல. ஏனை மூன்றும் 200 ஒளியாண்டிற்கு மேற்பட்ட தொலைவின. சிலுவை என்பது நம் கண் கூட்டிய உரு.

இங்ஙனம் அறிந்த சிலர், எம் ஆகமப் பொருளை மேனாட்டு விஞ்ஞானம் நிலைநாட்டிவிட்டது எனக் கூத்தாடுதல் காண்கின்றோம். அஃது எமக்கு உடன்பாடன்று. வானநூலார் தம் அளவுகளைத் தாமே காலந்தோறும் திருத்திக்கொள்பவர். அது அவர்க்குப் பெருமையே. ஆயின் நம் கொள்கையை அதன்மேல் ஏற்றிவைத்தார், அவர் திருத்துந்தோறும் நடுங்கவேண்டும். பொருளும் வேறு. செம்பெருமீன் உதறிய துகள் மற்றொரு மீனுக்கு உடலாதல் கூடும்; அது தூலத்துள்ளேயே நிகழும் மாற்றம். சித்தாந்தத்து ஒடுக்கமாவது, பூதங்கள் தன்மாத்திரையிலும் அவை அகங்காரத்திலும் அடங்கி, முறையே ஏனைத் தத்துவங்களும் தத்தம் காரணத்திற் சென்று மாயையில் ஒடுங்குதல். தொலைநோக்கி எத்துணைப் பெரிதாயினும் மாயையைக் காட்டாது. விண்மீனுக்கு அழிவில்லை என்ற தடை ஒன்று நீங்கிற்று. நாம் பெற்றது அவ்வளவே. உள்ளது போகாது என்னும் சற்காரியத்திற்கு அது மாறன்மையும் உடன் கொள்ளப்படும்.

அற்றேல், எரிபொருள் தீர்தலால் மீன் தானே அவிகின்றது; இதற்கு முதல்வன் எற்றுக்கெனின், கூறுதும். குடத்திற்கு மண் முதற்காரணம்; திகிரி துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணன். மண்ணின் பசையையும் திகிரியின் சுழற்சியையும் நுணுகியளந்தவன், அவ்வளவிலே குயவனைக் கண்டிலேன் என்றால், அவன் தேடாத இடத்தைக் குறைகூறியவனாவான். வானநூலார் அளப்பன முன்னிரண்டுமே. அறிவில்லாத பொருள் உயிர்களின் வினைப்பயனுக்கேற்ப உடம்பும் உலகுமாய் அமைதலும், எய்த்த உயிர்கட்கு இளைப்பாறும்படி ஒடுங்குதலும் அறிவுடைய ஒருவனையின்றி அமையா என்பது நம் துணிபு.

இதனினும் அரிய வினா பிறிதொன்றுண்டு. ஞாயிறும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டின் பின்னர் இச்செம்மீன் போலவே பருத்துச் சிவந்து, புதனையும் வெள்ளியையும் விழுங்கும் என்ப. நிலவுலகின் கடல்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே வற்றும். ஞாயிறு இறைவன் அட்டமூர்த்தங்களுள் ஒன்றாயிற்றே. அஃது அவியின் இறைவற்கு ஒரு வடிவு குறையாதோ? மாணவர் பலர் இதனை வினவத் தொடங்கி நாணி விடுகின்றனர், நாணுதற்கு இடமில்லை. இறைவன் ஞாயிறென்றது, உடம்பின்கண் உயிர் நிற்குமாறு போல அதனோடு உடனாய் நிற்றல் பற்றி. ஞாயிறு உடைமை, அவன் உடையான். அழிவிலே எஞ்சி நிற்பவனே உலகிற்கு முதல் என்று ஆசிரியர் நிறுவினாராகலின், ஞாயிற்றின் முடிவு அவற்குக் குறையாதற்கு மாறாக, அவன் முதன்மைக்கே ஏதுவாம். அந்நாள் வரையும் மலம் நீங்காது எஞ்சிய உயிர்கட்கு, வினை நுகர்தற்குரிய தனுகரணங்களை வேறிடத்தே கூட்டுதல் அவன் அருட்கடன்.