வாட்டத்துக்குக் காரணம் இரண்டு

தண்ணீர் போதாமல் வாடுகிற மணி பிளான்ட்டும் தண்ணீர் மிகுந்து வாடுகிற மணி பிளான்ட்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். காம்பு தளர்ந்துவிடும், இலை மினுமினுப்பை இழக்கும், கொடி துவண்டு தொங்கும். வைத்தியமோ நேர்மாறானது. ஆனால் வாடிய செடியைக் கண்டதும் நம் கை நேராகத் தண்ணீர்ச் செம்புக்குத்தான் போகிறது. நான் பார்த்தவரை, வீட்டுக்குள் வளரும் கொடிகளில் பெரும்பாலானவை செத்தது தாகத்தால் அல்ல, இந்த அவசரத்தால்.

எங்கள் குடியிருப்பின் மாடிவீட்டுப் பெண் போன ஐப்பசி அடைமழையில் தன் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, தினமும் தவறாம ஊத்துறேன். வாடுதேன்னு நேத்து இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊத்தினேன். அப்பவும் நிமிர மாட்டேங்குது. உரம் போட்டுப் பார்க்கட்டுமா?"

கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. மேலே தென்னை நார்த்தூள் பொரபொரவென்று காய்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டால் சொதசொத என்று ஈரம். நார்த்தூளின் குணம் அது. மேலே வெளுத்துக் காய்ந்துவிட்டு, அடியில் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். போதாததற்கு, ஓட்டையில்லாத பீங்கான் ஜாடிக்குள் நர்சரித் தொட்டியை அப்படியே இறக்கி வைத்திருந்தாள். வடிந்த தண்ணீரெல்லாம் ஜாடியின் அடியில் தேங்கிச் சாக்கடை வாடை அடித்தது.

வேரும் மூச்சுவிடும். மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் திணறிப்போகும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் தண்ணீரில் ஆக்சிஜன் பரவும். திணறிய வேரில் பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் தொற்றிக்கொள்கின்றன. வேர் போனபின் சுற்றிலும் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. இலை வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறது செடி.

வயலில் இறங்கியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நெல்லுக்குள் மேலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுபோகும் உள்ளறைகள் இருப்பதால்தான் அது தேங்கிய நீரில் நிற்கிறது. அந்த நெல்லுக்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டு என்பார்கள். மண் லேசாகக் கீறல் விடும்வரை காயவிட்டு, அதன்பிறகு பாய்ச்சுவது. திருந்திய நெல் சாகுபடியில் வலியுறுத்துவதும் அதையே. காயவிடுவதும் பாசனத்தில் சேர்ந்ததுதான்.

உரம் வேண்டவே வேண்டாம் என்றேன். செடியை வெளியே எடுத்து, மண்ணை உதறி, குழாயடியில் வேரை அலசினோம். பழுப்பேறிய வேர் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினேன். மேல்தோல் கழன்று விரலோடு வந்துவிட்டது, நடுநரம்பு மட்டும் மிஞ்சியது. அதன் பக்கத்திலேயே வெள்ளையாக, விறைப்பாக நாலைந்து வேர்கள். இழுத்தாலும் தோல் கழலவில்லை. அவள் அவற்றைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். அழுகியதையெல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டினோம். மிஞ்சிய வேர் தாங்குகிற அளவுக்குக் கொடியையும் குறைத்தோம். பழையதைவிடச் சிறிய, அடியில் ஓட்டையுள்ள தொட்டி. பெரிய தொட்டியில் மண் காய நாளாகும். செம்மண்ணும் நார்த்தூளும் மணலும் கலந்த புது மண். வெயில் நேராக விழாத, வெளிச்சமுள்ள ஜன்னல். மேல்மண் இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீர் கிடையாது. புதுத் தளிர் வரும்வரை உரமும் கிடையாது.

வெட்டுவதற்குக்கூட அவள் தயங்கவில்லை. கடைசியில் சொன்ன இரண்டும்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தன. "ஒண்ணும் செய்யாம சும்மா பார்த்துக்கிட்டே இருக்கணுமாக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு டம்ளர் ஊற்றினால் மனம் ஆறிவிடுகிறது. ஆனால் ஆறுவது நம் மனம்.

உண்மையாகவே தாகத்தில் வாடிய செடி தூக்கிய உடனே காட்டிக்கொடுத்துவிடும். தொட்டியில் கனமே இருக்காது. மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தைவிட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றுவது அந்த இடுக்கு வழியாக ஓடி அடியில் வடிந்துவிடும். வாளித் தண்ணீரில் தொட்டியை அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்து வடியவிட்டால் பெரும்பாலும் மறுநாளைக்குள் நிமிர்ந்துவிடும். காய்வதை இந்தக் கொடி தாங்கும், தேங்குவதைத் தாங்காது. ஆகவே சந்தேகமாக இருந்தால் ஊற்றாதீர்கள் என்பதே என் தீர்ப்பு.

வெட்டிய கொடியை நாங்கள் எறியவில்லை. ஒவ்வொரு கணுவுக்கும் சற்றுக் கீழே நறுக்கிப் பாட்டில் தண்ணீரில் போட்டோம். இரண்டு மூன்று வாரங்களில் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். அந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தெளிந்து நிற்கிற தண்ணீர்தான் பிடிக்கும். பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா தீவுதான் இந்தக் கொடியின் சொந்த ஊர். இது பூப்பது அரிதிலும் அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பெரலின் என்ற ஹார்மோனைப் போதிய அளவு உருவாக்க அதனால் முடிவதில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லாததால் விதையும் இல்லை. நம் ஜன்னல்களில் தொங்குவதெல்லாம் யாரோ யாருக்கோ கிள்ளிக் கொடுத்த துண்டிலிருந்து வந்தவை. தாய்ச்செடி பிழைக்காமல் போனாலும் ஒரு கணு போதும், அதே செடி தொடர்ந்து வாழும். மனிதருக்கு அந்த வசதி இல்லை.

அதனால்தான் இதைச் செடியோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை முகம் வாடி உட்கார்ந்தால் இன்னொரு டியூஷனில் சேர்க்கிறோம். அப்பா போனபின் ஊரிலிருந்து நகரத்துக்குக் கூட்டிவந்த அம்மா சுருண்டு படுத்தால் சத்துமாவும் டானிக்கும் வாங்கி வருகிறோம், அறையில் தனியாக டிவி மாட்டிக் கொடுக்கிறோம். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் பிள்ளைக்கு மூச்சுவிட நேரமில்லை. அம்மாவிடம் பகல் முழுக்க ஒருவரும் பேசவில்லை. ஒருவருக்கு மிகுதி, ஒருவருக்குக் குறை. முகத்தில் தெரிகிற வாட்டம் ஒன்றே. "கொஞ்ச நாள் விட்டா தானா சரியாயிடும்" என்று ஒதுங்கிக்கொள்வதும் இதே தவறின் மறுபக்கம்தான். தாகத்தில் காய்கிறவரை மேலும் காயவிடுவது எப்படி வைத்தியமாகும்?

செடி பேசாது என்பதால் தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறோம், வேரை எடுத்துப் பார்க்கிறோம். மனிதரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். இருந்தும் கேட்பதைவிடக் கொடுப்பதுதான் நமக்குச் சுலபமாக இருக்கிறது. கேட்டால், "நீ செய்றதை நிறுத்து, அது போதும்" என்று பதில் வந்துவிடலாம். அன்பாகக் கொடுத்துக்கொண்டிருப்பவரால் அதைத் தாங்கிக்கொள்வது எளிதல்ல. தாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது சில நாளாக வாடியிருந்தால், எதையும் வாங்கிவரக் கிளம்புமுன் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். எது அதிகமாக இருக்கிறது என்றும் கேளுங்கள்.