அஞ்சியவரும் அழைத்து வந்தவரும்



முன்பின் அறியாத ஒருவரை முதன்முதலில் காணும்போது, அவரைக் காண்கிறோமா, நம் ஸ்வபாவத்தையே காண்கிறோமா? ஸ்ரீராமாயணத்தில் இதை ஆராய இரண்டு கட்டங்கள் உண்டு.

ருச்யமூக மலையிலிருந்து, வில்லேந்தி வரும் பெருமாளையும் இளைய பெருமாளையும் கண்ட சுக்ரீவ மஹாராஜர், வாலி ஏவிய ஆட்களோ என்று நடுங்கினார். தமையனால் துரத்தப்பட்டவருக்கு வேறெப்படித் தோன்றும்? அதே இருவரைக் கண்ட திருவடிக்கு அந்நடுக்கம் இல்லை. ஆயினும் அவர் எச்சரிக்கையை விட்டவரல்லர். மஹாராஜர் பணிக்க, பிக்ஷு வடிவம் கொண்டு சென்று இன்சொற்களால் வினவினார். பெருமாளோ அப்பேச்சைக் கேட்டே, வேதமும் வ்யாகரணமும் கற்றவர் இவர் என்று இளைய பெருமாளிடம் கொண்டாடினார்.

பின்பு ஸ்ரீவிபீஷணாழ்வான் நால்வருடன் கடற்கரைக்கு வந்து வானில் நின்றபோது, மஹாராஜர் மறுபடியும் அஞ்சினார். கொன்றுவிட வேண்டும் என்றே வாதாடினார். வானர முதலிகளில் சிலர் ஒற்றரை அனுப்பலாம் என்றனர். சிலர் கேள்வி கேட்டுச் சோதிக்கலாம் என்றனர். திருவடி இசையவில்லை. நட்பை நாடி வந்த அறிவுடையவனைத் திடீரென்று துருவிக் கேட்டால் அவன் மனம் ஐயுறும், வந்த நட்பும் கெடும். இவன் முகமோ தெளிந்திருக்கிறது என்றார்.

மஹாராஜர் சற்றும் மாறவில்லை என்று தோன்றலாம். அடியேனுக்கு அப்படித் தோன்றவில்லை. மலையில் தமக்காக அஞ்சியவர், கடற்கரையில் பெருமாளுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சினார். ஸ்வபாவம் அதுவே, விஷயம் வேறு. கருடன்மேல் எழுந்தருளிய எம்பெருமானைக் கண்ட பெரியாழ்வார், தமக்கென்று ஒன்றும் வேண்டாமல், கண்ணெச்சில் படுமோ என்று அஞ்சித் திருப்பல்லாண்டு அருளிச்செய்தாரன்றோ? 'அஸ்தாநே பயசங்கை' என்று நம் பெரியோர் கொண்டாடும் அச்சம் அது.

இன்று நம் கோஷ்டிக்குப் புதியவர் ஒருவர் வந்தால், எந்த ஊர், எந்தத் திருமாளிகை ஸம்பந்தம் என்று கேட்கிறோம். கேட்பதில் பிழையில்லை. கோஷ்டியிடம் உள்ள பரிவால் கேட்கிறோமா, நம் இடம் குறையுமோ என்று கேட்கிறோமா? இரண்டிற்கும் சொற்கள் ஒன்றே என்பதால், வேறுபாட்டைக் கேட்பவரே அறிவார். வந்தவர் அறிவது, மறுமுறை இங்கு வரலாமா கூடாதா என்பதை மட்டுமே.

பெருமாள், அபயம் அளித்துவிட்டேன் என்று சொல்லி, ஆழ்வானை அழைத்து வரும்படி வேறு யாரிடமும் பணிக்கவில்லை. அஞ்சிய மஹாராஜரிடமே பணித்தார். மஹாராஜரும், இவன் தூயவன் என்று என் உள்ளமும் இப்போது அறிகிறது, நமக்கு நிகராக இருந்து நம் நட்பைப் பெறட்டும் என்று விண்ணப்பம் செய்தார்.