பதவி வரட்டும், வராமல் போகட்டும்!

உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் இன்று உங்களுக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்திருக்கிறானா? "நமக்கு இவ்வளவுதான், ஓய்வு பெறும்வரை நாளை ஓட்டவேண்டியதுதான்" என்று மனசு சொல்கிறதா? அந்த மனசை அதட்டி உட்கார வையுங்கள். பிரையன் ஸ்னிட்கரின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்காரர். 1955இல் பிறந்தவர். பேஸ்பால் என்றால் உயிர். 1977இல் அட்லாண்டா பிரேவ்ஸ் நிறுவனத்தில் கேட்சராகச் சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகச் சிறிய அணிகள் உண்டு. மைனர் லீக் என்பார்கள். அந்தப் படிகளிலேயே அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. பெரிய அணிகள் மோதும் மேஜர் லீகில் ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1980இல், ஆட்டக்காரராக இனி வேண்டாம் என்று அவரை விடுவித்தவர் ஹாங்க் ஆரன். 755 ஹோம் ரன் அடித்த ஜாம்பவான் ஆரன்தான். இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பிரிவு அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. கதவை மூடிய அதே கை இன்னொரு கதவைத் திறந்தது: "கோச்சாக இருக்கிறாயா?" என்ற கேள்வி வந்தது. ஸ்னிட்கருக்கு அப்போது வயது 25ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ரோஷப்பட்டு ஊருக்குத் திரும்பவில்லை. சரி என்றார்.

அதற்குப் பிறகு கோச்சாகவும், அணியை நடத்தும் மேனேஜராகவும் டர்ஹம், மேக்கன், மர்ட்டில் பீச், கிரீன்வில், ரிச்மண்ட் என்று சின்னச் சின்ன ஊர்கள். இரவெல்லாம் பஸ் பயணம், பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. மைனர் லீக் மேனேஜரின் வேலையில் ஒரு தருணம் உண்டு. பெரிய அணியிலிருந்து அழைப்பு வந்ததும், அந்தப் பையனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லவேண்டியவர் அவர்தான்: "பெட்டியைக் கட்டு, நீ மேலே போகிறாய்." பையன் அழுவான், அம்மாவுக்குப் போன் போடுவான். மேனேஜர் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் ஆட்டத்துக்குப் பட்டியல் எழுத உட்கார வேண்டும். 2005இல் மிசிசிப்பி பிரேவ்ஸ் அணியில் ஸ்னிட்கரின் கீழ் ஆடிய பிரையன் மெக்கன், ஜெஃப் ஃபிராங்கூர் இருவரும் அதே ஆண்டில் மேஜர் லீகுக்குப் போனார்கள். அவர் கீழேயே இருந்தார்.

இப்படிப்பட்டவர்களை ஏணி என்று சொல்வது நம் வழக்கம். எனக்கு அந்த உவமை பிடிக்கவே பிடிக்காது. ஏணிக்கு ஆசை கிடையாது. இந்த மனிதருக்கு இருந்தது. மேலே போகும் ஆசையை நெஞ்சில் வைத்துக்கொண்டே, போகிறவனை மனசார வாழ்த்தி அனுப்பினார். தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான்! "எனக்கு ஒருநாள் கிடைக்கும்" என்று கனவு காண்பதை அல்ல. கிடைக்காத நாளிலும் என் வேலை உயர்ந்த வேலை என்று உறுதியாக நிற்பதை.

இடையிடையே அவரையும் மேலே கூப்பிட்டார்கள், கூப்பிட்டுக் கூப்பிட்டு இறக்கினார்கள். 1985இல், மாற்றுப் பந்தெறிவாளர்களைத் தயார்செய்யும் புல்பென் கோச். மறு ஆண்டே கீழே. 1988 முதல் 1990 வரை மீண்டும் மேலே, மீண்டும் கீழே. 2007இல் மூன்றாம் பேஸ் கோச்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டாம் பேஸிலிருந்து ஒருவன் தலைதெறிக்க ஓடி வருகிறான். பந்து அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவனுக்குத் தெரிவதெல்லாம் கோச்சின் கைகள் மட்டும்தான். கை காற்றாலைபோலச் சுழன்றால் நிற்காமல் ஓடவேண்டும். இரண்டு கையும் மேலே உயர்ந்தால் நின்றுவிடவேண்டும். பந்து எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது, எறியப்போகிறவன் தோளில் எவ்வளவு பலம், ஓடுகிறவன் காலில் எவ்வளவு வேகம் எல்லாவற்றையும் ஓரிரு நொடியில் எடைபோட வேண்டும். கணக்கு சரியானால் பாராட்டு ஓடியவனுக்கு. தப்பினால் அரங்கமே கோச்சைப் பார்த்துக் கூச்சலிடும். அந்த இடத்தில் ஏழு ஆண்டுகள் நின்றார் ஸ்னிட்கர். 2010இல் மேனேஜர் பாபி காக்ஸ் ஓய்வுபெற்றபோது நாற்காலி ஃபிரெடி கொன்சாலஸுக்குப் போனது. 2013 சீசன் முடிந்ததும் ஸ்னிட்கரை மறுபடியும் மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். 58 வயதில்! தலை நரைத்த மனிதர் மீண்டும் இருபது வயதுப் பையன்களோடு.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ராஜினாமாக் கடிதம் எழுதியிருப்பீர்கள். அல்லது, அதைவிடக் கேவலமாக, உடம்பை மட்டும் வேலைக்கு அனுப்பியிருப்பீர்கள். இந்த இரண்டாவது வியாதிதான் நம்மில் பலரைத் தின்கிறது. அவமானப்பட்ட அன்றே கையிலிருக்கும் வேலையைக் கீழே போட்டுவிடுகிறோம். பிறகு வாய்ப்பு வந்து வாசலில் நிற்கும்போது கை துருப்பிடித்துக் கிடக்கிறது. வேண்டாம்! உங்களை இறக்கியவர்களால் உங்கள் திறமையை இறக்க முடியாது. அது நீங்கள் விட்டுக்கொடுத்தால்தான் போகும்.

2016 மே மாதம். பிரேவ்ஸ் 37 ஆட்டத்தில் 28 தோற்றிருந்தது. மேனேஜரை நீக்கினார்கள். மைனர் லீகின் மேல்படியான ட்ரிபிள் ஏ அணியில் இருந்த 60 வயது ஸ்னிட்கருக்கு அழைப்பு போனது: தற்காலிக மேனேஜர். மூழ்கும் கப்பல், அதிலும் தற்காலிகம். மீதி 124 ஆட்டத்தில் 59ஐ வென்று காட்டினார். நாற்காலி நிரந்தரமானது, நிறுவனத்தில் சேர்ந்து 39 ஆண்டுகள் கழித்து. 2018இல் பிரிவு வெற்றி, நேஷனல் லீகின் சிறந்த மேனேஜர் விருது. அப்போது வயது 63.

2021ஐத்தான் சொல்லவேண்டும். ஜூலையில் அணியின் நட்சத்திரம் ரொனால்ட் அகுன்யாவின் முழங்கால் போனது. ஆகஸ்ட் பிறந்தும் வெற்றிக் கணக்கு தோல்விக் கணக்கைத் தாண்டவில்லை. அவர் கலங்கவில்லை. அணியில் புதிதாக வந்து சேர்ந்த நான்கு அவுட்ஃபீல்டர்களை வைத்துக்கொண்டு 88 வெற்றியோடு இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தார். அந்த ஆண்டு தகுதிபெற்ற அணிகளிலேயே குறைந்த வெற்றி அதுதான். 106 ஆட்டம் வென்றிருந்த டாட்ஜர்ஸ் அணியைச் சாய்த்தார். வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதிப்போட்டியில் எதிரணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். அதன் பேட்டிங் கோச்களில் ஒருவர் யார் தெரியுமா? ட்ராய் ஸ்னிட்கர், அவருடைய சொந்த மகன்.

நவம்பர் 2, ஹூஸ்டன் அரங்கம், ஆறாவது ஆட்டம். பிரேவ்ஸ் 7-0 என்று முன்னிலை. தரையில் உருண்டு வந்த கடைசிப் பந்தை டான்ஸ்பி ஸ்வான்சன் எடுத்து எறிகிறார், முதல் பேஸில் ஃபிரெடி ஃபிரீமன் பிடிக்கிறார். மைதானத்தின் நடுவே ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடுகிறார்கள். ஹாங்க் ஆரன் அந்த ஆண்டு ஜனவரியில்தான் காலமாகியிருந்தார். "ஆட்டக்காரனாக வேண்டாம்" என்று அவர் சொல்லி அனுப்பிய பையன், 66 வயதில், தன் 45வது சீசனில், பிரேவ்ஸ் சட்டையோடு கோப்பையை வாங்க நடந்து வருகிறான்.